தொக்கி நிற்கும் புள்ளி

ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். அப்புறம் வலது கை: செமிகோலன், எல், கே, ஜே, ஹெச், ஜே. தமிழ்நாட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் படியேறிய யாருக்கும் இந்த வரிசை தூக்கத்தில்கூட விரலுக்கு வரும். முதல் பாடமே இதுதான். எங்கள் காடாம்புலியூரிலிருந்து பண்ருட்டிக்கோ நெய்வேலிக்கோ பஸ் ஏறிப் போய், லோயர் முடித்து, ஹயர் முடித்து, டவுன்ஷிப் ஆபீஸ் எதிலாவது ஒரு நாற்காலி கிடைத்துவிடாதா என்று காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்கள் ஆங்கிலத்தில் ஒரு முழுச் சொல்லை அடிப்பதற்கு முன்பே செமிகோலனைப் பக்கம் பக்கமாக அடித்தவர்கள். வலது சுண்டுவிரலின் வீடு அது. பழைய ரெமிங்டனில் அந்தக் கட்டையை அழுத்துவதற்குள் சுண்டுவிரல் கழன்றுவிடும் போலிருக்கும்.

"சார், இது எதுக்கு சார்?" என்று ஒரு பெண் கேட்டால், "அது கெடக்கட்டும், நீ வெரல எடுக்காத வெச்சிரும்மா" என்பதுதான் மாஸ்டரின் பதிலாக இருக்கும். பரீட்சைக்கு அது போதும். செமிகோலன் என்கிற அரைப்புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி, முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு என்கிற வரைக்கும் சொல்லித் தருவார்கள். அந்தக் குறி வாக்கியத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்பது பாடத்திட்டத்தில் இல்லை. அதனால் விரல் கற்றுக்கொண்டதை எழுத்து கற்றுக்கொள்ளாமலே போய்விட்டது. மணிமணியாக டைப் செய்யப்பட்ட கடிதங்களில் கமா கொட்டிக் கிடக்கும். அரைப்புள்ளி தேடினாலும் கிடைக்காது.

எனக்கோ ஆங்கிலப் பக்கம் எதைப் பார்த்தாலும் கண் முதலில் அதைத்தான் தேடும். ஒருவர் ஆங்கிலத்தைப் பிழையில்லாமல் எழுதுகிறாரா என்பதை வேறு பல இடங்களில் கண்டுபிடித்துவிடலாம். சுகமாக எழுதுகிறாரா என்பதற்கு நான் பார்ப்பது அரைப்புள்ளி விழுந்த இடத்தை.

விதி எளிது. பள்ளிக்கூடத்து ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்திலேயே இருக்கிறது. (அந்த ரென் யார் தெரியுமா? பாலைவனத்துப் பிரெஞ்சுப் பட்டாளத்தை வைத்து 1924-இல் 'பியூ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதினாரே, அதே பி. சி. ரென். கதையில் துப்பாக்கிச் சூடு, இலக்கணத்தில் நிறுத்தற்குறி.) ஆனால் ஆங்கிலத்தில் சொல்லப்படும் 'இண்டிபெண்டென்ட் கிளாஸ்' என்பதை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே தவிர உணர்வதில்லை. தமிழ் இலக்கணம் படித்த காதுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அரைப்புள்ளிக்கு இந்தப் பக்கமும் ஒரு முற்று இருக்க வேண்டும், அந்தப் பக்கமும் ஒரு முற்று இருக்க வேண்டும். எச்சம் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஆங்கிலத்து 'அண்ட்', 'பட்', 'ஸோ' எதுவும் வரத் தேவையில்லை. இரண்டு முற்றும் ஒரே விஷயத்தைச் சுற்றி நிற்க வேண்டும். இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்றாலும் நமக்கு ஏன் கைவருவதில்லை? காரணம் தமிழின் வசதி. "எழுந்து, குளித்து, பஸ் பிடித்து, ஆபீஸ் போய்ச் சேர்ந்தான்" என்று எத்தனை வினையை வேண்டுமானாலும் எச்சமாக்கி, கமா போட்டு, கடைசியில் ஒரே ஒரு முற்றை வைத்து முடித்துவிடுகிறோம். எச்சத்துக்குப் பின்னால் கமா வருவது நமக்கு மூச்சு விடுவது மாதிரி. அதே மூச்சில் ஆங்கிலம் எழுதும்போது, முற்றுக்குப் பின்னாலும் கமாவே விழுந்துவிடுகிறது. "ஐ ஹேவ் ஃபீவர், ஐ கெனாட் கம்." இதற்கு ஆங்கில இலக்கணக்காரர்கள் 'கமா ஸ்ப்ளைஸ்' என்று பெயர் வைத்துக் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கமா பலம் குறைந்த குறி. ஒரு பெயரையும் இன்னொரு பெயரையும் பிரித்து வைக்கும், ஒரு எச்சத்தை அடுத்த எச்சத்துக்குக் கைமாற்றிவிடும். தன் காலில் நிற்கும் இரண்டு வாக்கியங்களைப் பிடித்து வைக்க அதனால் ஆகாது.

லீவ் லெட்டரை யாரால் மறக்க முடியும்? "அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் தி ஸ்கூல்." தமிழ்நாட்டில் மூன்று தலைமுறை இதே வாக்கியத்தில்தான் காய்ச்சலில் விழுந்திருக்கிறது. வாக்கியத்தில் தவறு கிடையாது. "காய்ச்சலாக இருப்பதால்" என்ற நம் வாக்கியம் அப்படியே கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறது. காரணம் எது, விளைவு எது என்று 'அஸ்' கைகாட்டிவிடுகிறது. ஹெட்மாஸ்டருக்கு யோசிக்க வேலையில்லை. இதையே "ஐ ஹேவ் ஃபீவர்; ஐ கெனாட் கம்" என்று எழுதிப் பாருங்கள். இரண்டும் தெரிந்த செய்தி. நடுவில் உள்ள உறவை ஹெட்மாஸ்டரே போட்டுக்கொள்ள வேண்டும். அவர் புத்திசாலி என்று இந்த வாக்கியம் நம்புகிறது. அந்த நம்பிக்கைதான் அரைப்புள்ளியில் எனக்குப் பிடித்தது.

தமிழில் இதற்கு வேறொரு இடத்தில் ஈடு இருக்கிறது. 'தாய்தந்தை' என்கிறோம். தாயும் தந்தையும் என்று பொருள். நடுவில் இருந்த 'உம்' எங்கே போயிற்று? தொக்கி நிற்கிறது. உம்மைத்தொகை. 'பால்குடம்' என்றால் பாலைக் கொண்ட குடம்; அந்த 'ஐ'யும் இல்லை, 'கொண்ட'வும் இல்லை, பொருள் மட்டும் இருக்கிறது. உருபையும் இடைச்சொல்லையும் எடுத்துவிட்டு, சொற்களை அருகருகே நிறுத்தி, கேட்பவன் மனத்தில் உறவை முளைக்க வைப்பது தொகை. தொகை ஒன்று இரண்டு பொருளிலிருந்து ஏழு பொருள் வரைக்கும் விரியலாம் என்று நன்னூலில் பவணந்தியார் கணக்கே சொல்லியிருக்கிறார். அரைப்புள்ளி செய்வது இதே காரியம்தான். சொல்லுக்குச் சொல் நிற்கும் தொகையை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துகிறது. ஆகவே, ஆனால், ஏனென்றால், அதாவது என்ற நாலில் எது தொக்கி நிற்கிறது என்பதை வாசகன் விரித்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊருக்கு ஏற்ற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இராப்பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துக்கொண்டு தண்ணீர் மேலே வரும். நிலக்கரியை வெட்டுவதை விடவும் இந்தத் தண்ணீரை அடக்குவதுதான் தொடக்க காலத்தில் பெரிய சவால். ஆகவே கற்பனைக்கு ஒரு வாக்கியம்: "தி பம்ப்ஸ் ஸ்டாப்டு; தி வாட்டர் ரோஸ்." பம்புகள் நின்றன, தண்ணீர் ஏறியது.

இங்கே முற்றுப்புள்ளி வைத்தால் இரண்டு தனிச் சம்பவங்கள். பம்ப் நின்றது ஒரு செய்தி, தண்ணீர் ஏறியது இன்னொரு செய்தி, லாக் புக்கில் அடுத்தடுத்த இரண்டு வரி. 'ஸோ' போட்டால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. 'அண்ட்' போட்டால் கதை சொல்லும் தொனி வந்துவிடுகிறது, அவசரம் குறைகிறது. அரைப்புள்ளி வைத்தால் பம்ப் நின்ற அந்தக் கணமும் தண்ணீர் ஏறத் தொடங்கிய கணமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. இப்போது வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: "தி வாட்டர் ரோஸ்; தி பம்ப்ஸ் ஸ்டாப்டு." சொல் ஒன்றும் மாறவில்லை, புள்ளியும் மாறவில்லை. ஆனால் தொக்கி நின்ற காரணம் தலைகீழாகிவிட்டது. முதல் வாக்கியத்தில் பம்ப் நின்றதால் தண்ணீர். இரண்டாவதில் தண்ணீரில் மூழ்கிப் பம்ப் நின்றது. உறவைச் சொல்லாமல் விட்டதனால்தான் வரிசைக்கு இவ்வளவு பலம் வருகிறது. விசாரணை அறிக்கை எழுதும் அதிகாரிகளுக்கு இந்த வசதி நன்றாகவே தெரியும். யார் மேல் பழி என்று சொல்லாமல் இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். அங்கே மட்டும் அரைப்புள்ளியைத் தடை செய்து, 'பிகாஸ்' எழுதச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

தமிழுக்கு இது புதிதில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம்; மருமகள் உடைத்தால் பொன்குடம். ஆடு பகை; குட்டி உறவு. ஆனைக்கு ஒரு காலம்; பூனைக்கு ஒரு காலம். இவற்றில் எங்காவது 'ஆனால்' போட்டுப் பாருங்கள், பழமொழி செத்துவிடும். "மாமியார் உடைத்தால் மண்குடம், ஆனால் மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்றால் புகார் மனு மாதிரி இருக்கிறது. கிழவிகள் வாயில் இந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு நிறுத்தம் விழும், கேட்டிருப்பீர்கள். கமாவை விட நீளம், முற்றுப்புள்ளியை விடக் குறைவு. குரல் இறங்காது. அச்சில் பலரும் கமா போட்டு அந்த நிறுத்தத்தைச் சுருக்கிவிடுகிறார்கள்.

குரல் இறங்காத நிறுத்தம் என்றதும் சங்கீதம் ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தில் ராபர்ட் லோத் என்ற பாதிரியார் 1762-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் நிறுத்தற்குறிகளுக்கு ஒரு வாய்ப்பாடு தந்தார். கமாவைப் போல இரு மடங்கு அரைப்புள்ளி, அதைப் போல இரு மடங்கு கோலன், அதைப் போல இரு மடங்கு முற்றுப்புள்ளி. மேல்நாட்டு இசையில் ஸ்வர நீளங்கள் ஒன்றுக்கு ஒன்று இரட்டிப்பதையே அவர் உவமையாக எடுத்துக்கொண்டார். அந்த உவமையோடு எத்தனை பேர் சண்டை போட்டிருந்தாலும் ஒரு வேடிக்கை பாருங்கள்: நம் கர்நாடக சங்கீதப் புத்தகத்தைத் திறந்தால் அதே கணக்கு அச்சில் இருக்கிறது. 'ஸ' என்று குறிலாக எழுதினால் ஒரு எண்ணிக்கை. 'ஸா' என்றால் இரண்டு. பக்கத்தில் கமா வந்தால் இன்னும் ஒன்று நீட்ட வேண்டும். அரைப்புள்ளி வந்தால் இன்னும் இரண்டு. சமத்தில் எடுக்காமல் அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளில் வரியின் முதல் எழுத்தே அரைப்புள்ளியாக இருக்கும். தாளம் போட ஆரம்பித்துவிட்டோம், பாட்டு இன்னும் வரவில்லை என்று பொருள்.

ஸ்வரத்துக்குப் பின்னால் வரும் அரைப்புள்ளியில் பாடகர் வாயை மூடிக்கொள்வதில்லை. அது கார்வை. ஸ்வரம் அப்படியே நிற்கிறது, சுருதியில் கரைந்துகொண்டே அடுத்த ஸ்வரத்துக்கு வழி விடுகிறது. ஊர்ப் பெயரை மேடைக்குக் கொண்டுபோன நெய்வேலி சந்தானகோபாலனைப் போன்றவர்கள் பாடும்போது ஒரு கார்வை எங்கே முடிந்து அடுத்த பிடி எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆங்கில வாக்கியத்திலும் நல்ல அரைப்புள்ளி அப்படித்தான். முதல் வாக்கியம் முடிந்துவிட்டது, இலக்கணப்படி குறையொன்றும் இல்லை, ஆனால் ஓசை நிற்கவில்லை. அந்த ஓசையின் மேல் இரண்டாவது வாக்கியம் வந்து இறங்குகிறது. முற்றுப்புள்ளி தம்பூராவையே நிறுத்திவிடும்.

இந்தக் குறியைச் செய்தவர்கள் வெனிஸ் நகரத்து அச்சுக்காரர்கள். 1490-களின் நடுவில் ஆல்டஸ் மனூஷியஸ் என்பவரின் அச்சகத்தில், எட்னா எரிமலை ஏறியதைப் பற்றி பியெத்ரோ பெம்போ என்ற இளைஞர் எழுதிய சிறு லத்தீன் புத்தகத்துக்காக, பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற அச்செழுத்து வெட்டுநர் கமாவின் மேல் ஒரு புள்ளியை வைத்து வெட்டினார். அதோடு சரி, ஐந்நூறு வருஷமாக வடிவம் மாறவில்லை.

நமக்கு அது வந்த கதை இன்னும் சுவாரசியம். ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்கே புள்ளி போடாமல் விட்டவர்கள் நாம். வாக்கியத்துக்கு ஏது புள்ளி? அச்சு வந்தபின் பாதிரிமார் நூல்களில் குறிகள் தலைகாட்டின. அவற்றைத் தமிழ் வசனத்தில் ஒழுங்காக நிலைக்க வைத்தவர் என்று முதலில் சொல்லப்படுகிற பெயர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலருடையது. பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர், பிறகு 1849-இல் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் போட்டவர். பாதிரிகளின் மதத்தை மறுத்துக்கொண்டே அவர்களுடைய புள்ளிகளை எடுத்துக்கொண்டார். அவர் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்த சமயோசிதம் இது.

காடாம்புலியூரில் நின்று இதைச் சொல்லும்போது இன்னொருவரை விட்டுவிட முடியாது. இங்கிருந்து தெற்கே போனால் வடலூர். நாவலருக்கும் வள்ளலாருக்கும் நடந்த அருட்பா மருட்பா சண்டை 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட் வரைக்கும் போனது ஊரறிந்த சங்கதி. சண்டையை விடுங்கள், நடையைப் பாருங்கள். நாவலர் வாக்கியத்தை அளந்து, வெட்டி, குறி வைத்துப் போகிறவர். வள்ளலாருக்கு நீண்ட மூச்சு. ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் பசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எச்சத்தின் மேல் எச்சமாக ஏறிக்கொண்டே போவார். ஆனால் 1854-இல் அவர் எழுதிய மனுமுறைகண்ட வாசகத்தில் நேர் எதிரான ஓர் இடம் இருக்கிறது. கன்றை இழந்த பசு மணி அடித்துவிட்டது. இப்படி ஒரு பழி வர என்ன பாவம் செய்தேனோ என்று மனுச்சோழன் தன்னையே கேட்டு அடுக்குகிறான். ஒவ்வொன்றும் குட்டி வாக்கியம், ஒவ்வொன்றும் முற்று, ஒவ்வொன்றும் ஓகாரத்தில் முடிகிறது. 'மேலும்' இல்லை, 'அல்லது' இல்லை, 'அதனால்' இல்லை. ஒரு பாவத்துக்கும் அடுத்த பாவத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ராஜாவின் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்கும். இன்றைய பதிப்புகளில் அங்கே ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் தமிழில் அரைப்புள்ளிக்கென்றே பிறந்த பக்கம் அது.

அரைப்புள்ளிக்காக அரசாங்கமே ஆட்டம் கண்டதும் உண்டு. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம், 1874 ஜனவரி. அந்த மாநிலச் சாசனத்தில் ஒரு பிரிவு: வேறு விதமாகச் சட்டம் இயற்றப்படும் வரை தேர்தல்கள் மாவட்டத் தலைநகரங்களில் நடக்க வேண்டும் என்று ஒரு பாதி, பிறகு ஓர் அரைப்புள்ளி, வாக்குச்சாவடி நான்கு நாள் திறந்திருக்க வேண்டும் என்று மறுபாதி. சட்டசபை அதை ஒரு நாளாக்கித் தேர்தலும் நடத்திவிட்டது. உச்ச நீதிமன்றம் புள்ளியைப் பிடித்துக்கொண்டது. 'வேறு விதமாகச் சட்டம் இயற்றப்படும் வரை' என்ற நிபந்தனை அரைப்புள்ளியைத் தாண்டாது; மறுபாதி தனி முற்று, நான்கு நாளைச் சட்டசபை தொட முடியாது, ஆகவே தேர்தல் செல்லாது. ஜெயித்த ரிச்சர்ட் கோக் தீர்ப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பதவியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நீதிமன்றத்துக்கு 'செமிகோலன் கோர்ட்' என்ற பட்டப்பெயர் மட்டும் மிஞ்சியது. வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகத் திருமாளிகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் அதே மாதம்தான், முப்பதாம் தேதி.

நம் உச்ச நீதிமன்றம் 1952-இல் அஸ்வினி குமார் கோஷ் வழக்கில், சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தற்குறி சிறு அம்சம்தான் என்று சொல்லிவிட்டது. நியாயம்தான், சட்டத்துக்கு. இருந்தாலும் அரசியல் சாசனத்தின் முகவுரையைப் பாருங்கள். நீதிக்கும் சுதந்திரத்துக்கும் உள்ளே கமா; நீதி, சுதந்திரம், சமத்துவம் ஒவ்வொன்றுக்கும் வெளியே அரைப்புள்ளி. அங்கே அது வாக்கியங்களை இணைக்கவில்லை, கமா நிறைந்த பட்டியலில் வேலி போடுகிறது. இது அதன் இரண்டாவது உத்தியோகம். பயனுள்ளதுதான், ரசிக்க அதிகமில்லை.

தப்பாகப் போகும் இடங்கள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று 'ஹவெவர்'. பார்த்தால் 'பட்' மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு முற்றுகளைக் கட்டும் தெம்பு அதற்குக் கிடையாது. அதனால் அதற்கு முன்னால் அரைப்புள்ளி, பின்னால் கமா. 'தேர்ஃபோர்', 'மோர்ஓவர்' எல்லாம் அந்தச் சாதிதான். எனக்கு இந்தக் கூட்டணி அவ்வளவாகப் பிடிப்பதில்லை. உறவைச் சொல்லாமல் விடத்தானே அரைப்புள்ளி? பக்கத்திலேயே ஓர் அறிவிப்புப் பலகையும் எதற்கு? இன்னொன்று, ருசி கண்டவுடன் எல்லா வாக்கியத்திலும் போடுவது. அப்படி எழுதிய பக்கம் முழுக்கக் கார்வையாகவே இருக்கும். தாளம் எங்கே என்று தெரியாது. பத்திக்கு ஒன்று தாராளம்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது சென்னைக்கும் பெங்களூருக்கும் போய், பழைய டைப்பிஸ்டுகள் ஆயுளில் அடித்ததை விட அதிகமான செமிகோலனை ஒரு வாரத்தில் அடிக்கிறார்கள். சி மொழியிலும் ஜாவாவிலும் அது கட்டளையின் முடிவில் வரும் முற்றுப்புள்ளி, ஒன்று விட்டுப்போனால் கம்பைலர் கத்தும். 1970-இல் நிக்லாஸ் விர்த் உருவாக்கிய பாஸ்கல் மொழியில் அப்படி இல்லை. அதில் அரைப்புள்ளி கட்டளையை முடிப்பதில்லை; ஒரு கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் நடுவில் நிற்கிறது. அதனால் 'எண்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் வரும் கடைசிக் கட்டளைக்கு அது தேவையில்லை. அதற்கப்புறம் சேர்க்க எதுவும் இல்லையே.